பயந்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது? - இதயக் கேள்வி-பதில்

தேர்வு அறை வாசலில் நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கிறது. இரண்டுமே இதயச் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வில் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் பீட்டா-1 ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. உடனே உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. அதன் தூண்டலால் கால்சியம் அதிகம் வெளிப்பட்டு, தசை பலமாகச் சுருங்குகிறது. எனக்கு அழகாகத் தெரிவது அடுத்த கட்டம்தான்: அதே சமிக்ஞை, கால்சியத்தைச் செல்லின் சேமிப்பறைக்கு விரைந்து திருப்பி அனுப்பவும் வைக்கிறது. தசை சட்டென்று தளர்ந்தால்தானே அடுத்த துடிப்புக்கு ரத்தம் நிரம்பும்!

மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகளை வெட்டிவிடுகிறார்களே, அது எப்படித் துடிக்கிறது?

துடிப்பு இதயத்திலேயே உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசுவில் பிறக்கிறது. நரம்புகள் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம்தான் நம் துடிப்பை அடக்கி வைக்கிறது. அது இல்லாததால் மாற்று இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். உடற்பயிற்சியில் வேகம் ஏறவும் தாமதமாகும். ரத்தம் வழியே அட்ரினலின் வந்து சேர வேண்டும். வேகஸ் நரம்பு ரசாயனம் மூலம் பேசுகிறது என்பதை விஞ்ஞானி ஓட்டோ லோவி 1921-இல் காட்டினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதிலிருந்து எடுத்த திரவத்தை இன்னோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது.

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. பலவீனமான இதயத்தை இன்னும் மெதுவாக்கும் மெட்டோப்ரோலால் ஏன்?

நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைத் தரக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். 1970-களில் ஸ்வீடனில் சிலர் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான பெரிய ஆய்வுகள் உயிரிழப்பு குறைவதை உறுதிசெய்தன. பலவீனமான இதயத்தை உடல் அட்ரினலினால் ஓயாமல் விரட்டுகிறது. அபாய மணி நிற்காமல் அடிப்பது போலத்தான். நாளடைவில் ஏற்பிகள் குறைகின்றன, செல்கள் சேதமடைகின்றன. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், அதாவது பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்து, அந்த விரட்டலைத் தடுக்கிறது. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம்.

பிஎன்பி பரிசோதனை எதற்கு?

இதயமும் ஹார்மோன் சுரக்கும். அறைச்சுவர் அதிகம் இழுபட்டால் பிஎன்பியை வெளியிட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சிறுநீரகத்தைத் தூண்டும். மூச்சுத்திணறலுக்கு இதயம் காரணமா என்று அறிய அதன் அளவு உதவுகிறது. இதயச் செயலிழப்புக்குத் தரும் சாகுபிட்ரில் என்ற மருந்து கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தாலேயே பிஎன்பி கூடலாம். அவர்களுக்கு, பிஎன்பியோடு சேர்ந்து வெளியாகும் துணைத் துண்டான என்டி-ப்ரோபிஎன்பியை அளக்கும் பரிசோதனையே பொருத்தம்.