கையேட்டின் பின்னால் இருக்க வேண்டியது சொல்லடைவா, பொருளடைவா?

கேள்வி: எங்கள் கணக்கு மென்பொருளுக்குத் தமிழில் 240 பக்கக் கையேடு எழுதியிருக்கிறேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்துக் கடைசிப் பக்கங்களில் வரும் அடைவைத் தானாக உருவாக்கினேன். ‘கோப்பு’ என்பதற்கு மட்டும் 40 பக்க எண்கள் வந்துள்ளன. ஆனாலும் தேடியது கிடைக்கவில்லை என்கிறார்கள் பயனர்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: தாங்கள் உருவாக்கியிருப்பது சொல்லடைவு, பயனருக்கு வேண்டியது பொருளடைவு. முன்னது ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் காட்டும், பின்னது ஒரு பொருள் விளக்கப்பட்டுள்ள இடத்தை மட்டும் காட்டும். தமிழில் சொல்லடைவாகக்கூட அது முழுமையாக இராது. பட்டியலில் உள்ள ‘கோப்பு’ என்பதைக் கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், உகரம் கெட்டு ‘கோப்பை’, ‘கோப்பில்’ என்று வரும் இடங்கள் விடுபட்டிருக்கும்.

எனவே தானியங்கிப் பட்டியலை நீக்கிவிட்டு, கையேட்டைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே ஒவ்வொரு பதிவையும் கையால் குறிப்பதே நல்லது. ஒரு தலைப்புக்கு ஐந்தாறு பக்க எண்களுக்கு மேல் சேர்ந்தால் அதனை உட்பதிவுகளாகப் பிரியுங்கள். பதிவைச் சேர்க்கும் பெட்டியில் முதல் விசை (1st key) என்ற கட்டத்தில் ‘விலைப்பட்டியல்’ என்று தலைப்புச் சொல்லை இட்டால், ‘அச்சிடுதல்’, ‘திருத்துதல்’, ‘ரத்து செய்தல்’ ஆகியவை அதன் கீழ் அடங்கும். முழு விளக்கம் உள்ள பக்கத்தை முதன்மைப் பதிவாகக் குறித்தால், அந்த எண் தனி வடிவில் தெரியும்.

இதைவிட முக்கியமானது, பயனரின் வாயில் வரும் சொல். தாங்கள் ‘விலைப்பட்டியல்’ என்று எழுதியிருந்தாலும் கடைக்காரர் ‘பில்’ என்றுதான் தேடுவார். ஆகவே ‘பில்: காண்க விலைப்பட்டியல்’ என்ற பதிவு கட்டாயம் வேண்டும். ஒன்றிரண்டு பக்க எண்களே உள்ள பொருளுக்கு, ‘காண்க’ என்று அலையவிடாமல் இரண்டு இடங்களிலும் எண்ணையே கொடுத்துவிடலாம். செயலின் பெயரிலும், அதாவது ‘ரத்து செய்தல்’ என்பதன் கீழும், அதே பக்கத்தைச் சேருங்கள். பிழைச் செய்திகளைத் திரையில் தோன்றும் அதே சொற்களோடு பதிவு செய்யுங்கள், ஏனெனில் பதற்றத்தில் இருப்பவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தகைய சொற்களைத் திரட்ட, உதவி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளின் குறிப்பேட்டைக் காட்டிலும் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

பக்க அமைப்பு முடிந்ததும் அடைவைப் புதுப்பித்து, அதன் மொழி தமிழாக உள்ளதா என்று பாருங்கள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தரப்பட்டுள்ள யூனிகோடு எண்களின்படியே வரிசைப்படுத்தினால் ஆய்தம் அகரத்துக்கு முன்னும், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையிலும், னகரம் நகரத்தை அடுத்தும் வந்துவிடும். புள்ளிக்கு உயிர்க்குறிகளையும் மெய்களையும் விடப் பெரிய எண் இருப்பதால், அகராதி வழக்கப்படி முன்னால் வரவேண்டிய ‘கட்டணம்’, ‘கடவுச்சொல்’லுக்குப் பின்னால் போய்விடும். இந்த இரு சொற்களும் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்த்தாலே, மென்பொருள் தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றுகிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.