விதையில்லாத் தர்பூசணியில் பிஞ்சு உதிர்வது ஏன்?

திண்டிவனம் பகுதி விவசாயி ஒருவர் கேட்கிறார்: “ஒரு ஏக்கர் முழுவதும் விதையில்லாத் தர்பூசணி மட்டுமே நட்டேன். பூ நிறைந்திருந்தும் பிஞ்செல்லாம் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளித்து உதிர்கிறது. எந்த உரம் போடுவது? இந்தப் பழத்தில் விதை எடுக்க முடியுமா?”

உரக்குறைவு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் கொடியின் ஆண்பூவில் வீரியமுள்ள மகரந்தம் இல்லை. சாதாரணத் தர்பூசணியின் செல்லில், மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 22, 11 இணைகளாக உள்ளன. இனச்செல் (மகரந்தத்திலும் சூலிலும் உள்ள இனப்பெருக்கச் செல்) உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிந்து, பக்கத்துக்கு 11 போய்ச் சேரும். உங்கள் கொடியில் இருப்பவையோ 33, அதாவது வகைக்கு மூன்று. மூன்றைச் சமமாக இரண்டு பங்கிட முடியாதல்லவா? ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாக, 11 வகைகளும் தத்தம் போக்கில் பிரிவதால், ஓர் இனச்செல்லுக்கு 14, இன்னொன்றுக்கு 19 என்று தாறுமாறாகக் கிடைக்கிறது. சரியாக 11 அல்லது 22 அமையும் வாய்ப்பு, கணக்குப்படி, 1024இல் ஒன்றுதான். அசிட்டோகார்மைன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல மகரந்தம் உருண்டு திரண்டு சிவந்து தெரியும். இதிலோ பெரும்பாலானவை சுருங்கி வெளிறிக் கிடக்கும்.

பூவன், ரஸ்தாளி வாழைகளிலும் 33 குரோமோசோம்கள்தான். ஆனால் மகரந்தம் படாமலேயே காய் பெருக்கும் இயல்பு வாழைக்கு உண்டு. தர்பூசணியில் விதை உருவாகாவிட்டாலும், சூலகம் பருக்க உயிருள்ள மகரந்தத்தின் தூண்டுதல் வேண்டும்.

ஆகவே இப்போதைக்கு, விதையுள்ள ரகம் பயிரிட்ட பக்கத்து வயலிலிருந்து அன்று மலர்ந்த ஆண்பூக்களைக் காலையிலேயே பறித்து வந்து, உங்கள் பெண்பூக்களின் நடுவே மகரந்தம் ஏற்கும் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். அடுத்த பருவத்தில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை விதையுள்ள ரகத்தை ஊடே நடுங்கள். தோலின் நிறமோ கோடுகளோ வேறுபட்ட ரகமானால் அறுவடையில் பழங்கள் கலக்காது. தேனீ வரும் காலை நேரத்தில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

விதை எடுக்க இயலாது. பழத்தில் காணும் வெள்ளை நிறப் பிஞ்சு விதைகள் வெறும் உறைகளே. செங்காந்தளிலும் உள்ள கோல்ச்சிசின் என்னும் பொருளால் குரோமோசோம்களை 44 ஆக இரட்டித்த தாய்க்கொடியில், 22 கொண்ட சாதாரணக் கொடியின் மகரந்தத்தைச் சேர்த்தால்தான் 33 கொண்ட விதை பிறக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த விதையைப் புதிதாக வாங்கத்தான் வேண்டும்.