டீபிராக் ஓட்டியும் சி டிரைவ் நிறைந்துகொண்டே போகிறது, என்ன செய்வது?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: வீட்டுக் கணினியில் சி டிரைவின் காலி இடம் நாளுக்கு நாள் குறைகிறது, புதிதாக எதையும் ஏற்றவில்லை, பலமுறை டீபிராக் (டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் கருவி) ஓட்டியும் பயனில்லை, கடையில் 'போர்மட் பண்ணிவிடலாம்' என்கிறார்கள்.

போர்மட் பண்ண விடாதீர்கள், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். டீபிராக்கையும் இன்று இரவே நிறுத்துங்கள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஏனென்றால் இதே தப்பை ஆறு மாதம் செய்தவன் நான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காகத்தான் இருக்கும். கடைக்காரர் அதை இரண்டாகப் பிரித்து, சி-க்குச் சின்னப் பங்கும் டி-க்குப் பெரிய பங்கும் கொடுத்திருப்பார். 2011-இல் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் நான் வாங்கிய கணினியும் அப்படித்தான். விண்டோஸ் 7, ரேம் 4 ஜிபி, டிஸ்க் 320 ஜிபி. அதில் சி டிரைவுக்கு 60 ஜிபி.

நான் பொறியாளர் இல்லை. தோட்ட ஆபீசில் 27 வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். 'கிராணிக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும்' என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால், அந்தக் கணினியில் நடந்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கடைசியில் அந்த நோட்டுதான் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது.

எங்கள் தோட்டத்தை விற்றபோது ஆபீசில் இருந்த பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகங்களை எரிக்கச் சொன்னார்கள். நான் மேனேஜரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். யார் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், எந்த லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்தார், எத்தனை நாள் வேலைக்குப் பேர் பதிந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கரையான் அரிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் பண்ணினேன். மாரியம்மன் கோவில் திருவிழாப் படங்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் அதோடு சேர்ந்தன. இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் ஒரு பாட்டிக்கு, இந்த நாட்டில் பிறந்து வளர்ந்ததைக் காட்ட அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும் பக்கம் தேவைப்பட்டது. அதை இந்தக் கணினியிலிருந்துதான் அச்செடுத்துக் கொடுத்தேன். அதனால்தான் கடைத் தம்பி 'அங்கிள், போர்மட் பண்ணா புதுசு மாதிரி ஆயிடும்' என்று சாதாரணமாகச் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது.

2015-இல் சி டிரைவ் சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்தது. டீபிராக் திரையில் 23 விழுக்காடு துண்டாகிக் கிடப்பதாக வந்தது. அதுதான் நோய் என்று நினைத்துவிட்டேன். இரவு பத்து மணிக்கு ஓடவிட்டுப் படுப்பேன், காலையில் பசியாறும் முன் போய்ப் பார்ப்பேன். துண்டான அளவு குறைந்திருக்கும். கூடவே காலி இடமும் குறைந்திருக்கும். ஓர் இரவு 6.1 ஜிபி என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் 5.2. அடுத்த வாரமும் அதே கதை. துப்புரவு செய்யும் கருவியே எப்படி இடத்தைத் தின்னும்?

தீபாவளிக்கு வந்த என் தங்கை மகன்தான் வழி காட்டினான். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, துண்டு துண்டா இருக்கிறத விடுங்க. எது வளருதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றான். வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும். கூட்டிப் பார்த்தால் 39 ஜிபிதான் வந்தது. டிரைவோ 56 ஜிபி நிறைந்துவிட்டதாகச் சொல்கிறது. மீதி 17 எங்கே?

'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. சாதாரணமாக நாம் திறந்து பார்க்க முடியாது. ரெஸ்டோர் பாயின்ட், அதாவது கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவுகள், எல்லாம் அதற்குள்தான் சேர்கிறது. இது வேலை செய்யும் விதம் எனக்குச் செக்ரோல் மாதிரியே பட்டது. பழைய பக்கத்தில் ஒரு வரியை மாற்றும் முன், அந்த வரியின் நகலைத் தனிக் கோப்பில் போட்டு வைப்பது. டிஸ்க்கில் ஏதாவது கட்டம் (ஃபைல்களை எழுதும் சின்னப் பகுதி) மாறும்போது, மாறுவதற்கு முன் இருந்ததை விண்டோஸ் எடுத்துத் தனியாக வைக்கிறது. நிழல் நகல் என்பார்கள். டீபிராக் என்ன செய்கிறது? ஆயிரக்கணக்கான கட்டங்களை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறது. வீட்டுக் கணினிகளில் கட்டத்தின் அளவு பெரும்பாலும் 4 கேபி. 16 கேபிக்குக் குறைவாக இருந்தால், டீபிராக் வெறுமனே இடம் மாற்றியதா, உள்ளே இருந்ததே மாறிவிட்டதா என்று அந்த நகல் எடுக்கும் பகுதிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றையும் மாற்றம் என்று எடுத்துக்கொண்டு நகல் எடுத்துக் குவிக்கும். ஆக, நான் ஒவ்வோர் இரவும் டீபிராக் ஓட்டி அந்தக் கோப்பைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு உச்ச அளவு உண்டு. 'சிஸ்டம் புரொடக்‌ஷன்' பக்கத்தில் ஒரு நகர்த்தும் கோல் இருக்கும். கணினி விற்றவர்கள் என்னுடையதை 30 விழுக்காட்டுக்கு இழுத்து வைத்திருந்தார்கள். 60 ஜிபியில் 30 விழுக்காடு என்றால் 18 ஜிபி. கோலை 5 விழுக்காட்டுக்கு இறக்கியதும் பழைய நகல்கள் தானாக அழிந்து, சில நிமிடத்தில் 14 ஜிபி திரும்பி வந்தது. ஆறு மாத அலைச்சல் ஒரு கோலை நகர்த்தியதில் தீர்ந்தது.

இன்னும் இரண்டு பெரிய ஃபைல்கள் இருந்தன. ஒன்று ஹைபர்ஃபில். ஹைபர்நேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பதை அப்படியே வைத்துக் கணினியை அணைக்கும்போது, ரேமில் இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் 7 அதற்கு ரேமின் 75 விழுக்காட்டை ஒதுக்கும், என் கணினிக்கு 3 ஜிபி. கமாண்ட் புரோம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' (powercfg /h off) என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்த ஃபைல் போய்விடும். இன்னொன்று பேஜ்ஃபைல், ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது. பெரிய ஸ்கேன் படங்களை ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு திறந்து வைப்பேன், அதனால் 6 ஜிபிக்கு வீங்கியிருந்தது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் சுருங்கும், ஆனால் நான் ஹைபர்நேட் மட்டுமே செய்துகொண்டிருந்தேன். நிறைந்த டிரைவில் அது வளர்ந்ததால் கிடைத்த சந்து பொந்தில் எல்லாம் துண்டு துண்டாக உட்கார்ந்துவிட்டது. விண்டோஸ் ஓடும்போது அதை உள்ளே இருக்கும் டீபிராக் நகர்த்தாது. அதனால் பேஜ்ஃபைலை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, டீபிராக் ஒரே ஒரு முறை ஓட்டி, பிறகு ஆரம்ப அளவும் உச்ச அளவும் 4096 எம்பி என்று வைத்தோம். பேஜ்ஃபைல் இல்லாமல் அப்படியே விட்டுவிடாதீர்கள், ரேம் குறைந்த கணினி பாதி வேலையில் நின்றுவிடும்.

டிரைவில் 15 விழுக்காடாவது காலி இருந்தால்தான் டீபிராக் ஒழுங்காக வேலை செய்யும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் கையால் அழிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொடாதீர்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதால் அது உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். 'டிஸ்க் கிளீன்அப்' வழியாகப் பழைய அப்டேட்டுகளை நீக்கினால் போதும். விண்டோஸ் 7-க்கு அந்த வசதி 2013 அக்டோபரில்தான் வந்தது.

ஃபைல்கள் இப்படித் துண்டாவதை ஃபிராக்மென்டேஷன் என்பார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் என்று இன்னொருவர் கீழே கேட்டிருந்தார். நான் 'துண்டாடல்' என்றுதான் சொல்வேன். அப்பா வாயில் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவன். 1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் சிறு சிறு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய் லயமும் போய் ஆயிரக்கணக்கான ரப்பர்ப் பால்மரக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதற்காகத்தான் 1960-இல் இந்தியர் தலைவரான துன் சம்பந்தன், அவரும் எங்கள் சுங்கை சிப்புட்காரர்தான், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அப்பாவும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார். எங்கள் தோட்டம் அந்த முறை தப்பித்தது. பிறகு ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு நிறுவனத்தின் பலகை வந்தது. மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்கு வீடு தருவதாகச் சொன்னார்கள், கோவிலுக்கு நிலம் தருவதாகச் சொன்னார்கள். இடிக்கும் வண்டி கொண்டு வந்து லயத்தை இடித்த நாளில் எங்களில் யாருக்கும் கையில் ஒரு கடிதம்கூட இல்லை. ஒரு குடும்பம் ஈப்போவில், ஒன்று கிள்ளானில், ஒன்று எங்கே என்றே தெரியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததை எழுதுகிறேன் என்பீர்கள். அந்தப் பேர்கள் எல்லாம் இப்போது ஒன்றாக இருப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

'எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள், இந்தக் காலத்தில் யார் டீபிராக் ஓட்டுகிறார்கள்' என்று ஒருவர் எழுதுவார், தெரியும். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். நானும் பிறகு மாற்றினேன். வேகம் நன்றாகவே இருக்கிறது. எஸ்எஸ்டிக்கு டீபிராக் தேவையும் இல்லை, எந்த இடம் இனித் தேவையில்லை என்று தெரிவிக்கும் டிரிம் கட்டளையை விண்டோஸ் அதற்கு அனுப்பிக்கொள்ளும். ஆனால் நிழல் நகல் எஸ்எஸ்டியிலும் வளரும், பேஜ்ஃபைலும் ஹைபர்ஃபிலும் அங்கேயும் உண்டு. கேட்டவருடைய தொல்லை புதுச் சாமான் வாங்கினால் மட்டும் தீராது. எல்லார் கையிலும் உடனே இருநூறு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) இருப்பதும் இல்லை.

விண்டோஸ் 10 அல்லது 11 என்றாலும் அந்தக் கோல் அங்கேயும் இருக்கிறது. ஹைபர்நேட்டை நிறுத்தினால் வேகத் தொடக்கமும் சேர்ந்து நின்றுவிடும், கணினி எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். புதிதாகப் பெரிய அப்டேட் ஏற்றியிருந்தால் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் பல ஜிபி பிடித்திருக்கும், பத்து நாள் கழித்துத் தானாகப் போகும்.

இது எதையும் தொடும் முன் படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பழைய டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தாலும் இதே மாதிரி மெதுவாகும், அந்த நிலையில் இரவு முழுக்க டீபிராக் ஓட்டினால் அதை நாமே முடித்துவிடுவோம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மஞ்சளோ சிவப்போ வந்தால் நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். எங்கள் செக்ரோல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று பினாங்கில் தங்கை மகன் வீட்டில்.

சி டிரைவின் மொத்த அளவு, காலி இடம், ரேம், அந்தக் கோல் எத்தனை விழுக்காட்டில் நிற்கிறது, இந்த நான்கையும் கீழே எழுதுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பார்ப்பேன்.