பதில்: ஒரு மூலையில் மட்டும் பிளைவுட் வெட்டுப்படாத சிக்கல்

வணக்கம் நண்பரே. போன மாதம் வரை உங்கள் லேசர் வெட்டும் மெஷின் ஒரே ஓட்டத்தில் வெட்டிய 3 மி.மீ. பிளைவுட், இப்போது வலது முன் மூலையில் மட்டும் அடிவரை இறங்கவில்லை என்கிறீர்கள். பவரை ஏற்றியும் கருகல்தான் மிச்சம். இனி ஏற்றாதீர்கள், லேசர் கதிரை உண்டாக்கும் டியூபின் ஆயுள்தான் குறையும்.

முதலில், கதிரைக் குவிக்கும் லென்ஸ். பிளைவுட் பசையின் புகை அதன்மேல் பழுப்புப் படலமாகப் படியும். படலம் கதிரை உறிஞ்சிச் சூடாகும், விட்டால் லென்ஸே விரிசல் விடும். மெஷினை அணைத்து, ஆறியபின் கழற்றுங்கள். லென்ஸ் துடைக்கும் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். சட்டைத் துணி வேண்டவே வேண்டாம், கோடு விழுந்துவிடும். திரும்ப மாட்டும்போது குவிந்த பக்கம் மேலே. ஒரு விஷயம்: ஜிங்க் செலினைடு லென்ஸ் உடைந்தால் அதன் தூள் நச்சு, கையுறை போடுங்கள்.

கதிரை டியூபிலிருந்து லென்ஸுக்குத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகளையும் இப்படியே துடையுங்கள். புகைக்கு அருகில் இருக்கும் மூன்றாவதுதான் சீக்கிரம் அழுக்காகும்.

ஆனால் ஒரே மூலை என்பதால் எனக்குச் சந்தேகம் கதிரின் நேர்கோட்டில்தான். லென்ஸ் இருக்கும் தலையில் கதிர் நுழையும் துளைமேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, மூடியைச் சாத்தி, குறைந்த பவரில் இடது பின் மூலையில் ஒரு பல்ஸ் (கணநேரக் கதிர்), வலது முன் மூலையில் ஒரு பல்ஸ் விடுங்கள். இரண்டு புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் கண்ணாடித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். புள்ளி சரியாக இருந்தால், அந்த மூலையில் மேசை தாழ்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அப்புறம் டேப்பின் படத்தைப் போடுங்கள், எந்தக் கண்ணாடி என்று பார்த்துச் சொல்கிறேன்.