ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நைனா தண்ணீரே குடிப்பதில்லை

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: "நைனாவுக்கு 67 வயது. பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துவிட்டது. மாதாமாதம் சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகிறேன். நாலு மாதம் முன் கண்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டி, ஆட்டோவிலேயே சிறுநீர் போய்விட்டது. அதிலிருந்து முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுகிறார், சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் நீர் மாத்திரையும் போடுவதில்லை. டயாபர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெண்பிள்ளை நான் என்ன செய்ய?"

முதலில் தண்ணீர். அதை நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் கிருமித் தொற்றும் வரும், மலம் இறுகும், எழுந்து நின்றால் தலைசுற்றும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி, இல்லையென்றால் வழக்கம்போலக் குடிக்கட்டும். கிளம்பும் முன் டீ, காபி மட்டும் வேண்டாம். நீர் மாத்திரையை நீங்களாக விடாதீர்கள். அன்றைக்கு மட்டும் வீடு திரும்பியபின் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து அரைமணிக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் கழிப்பறையில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

டயாபர் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர். ஓ.பி. வரிசையில் மகன் பாசமாகத்தான் கேட்டார், "டயாபர் மாத்தணுமாப்பா?" பத்துப் பேர் திரும்பினார்கள். பெரியவர் துண்டை இழுத்து மடியை மூடிக்கொண்டார். அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டயாபரைவிட அந்தச் சத்தம்தான் அவரைச் சுட்டது. அதனால் வீட்டிலேயே, அமைதியான நேரத்தில், பேண்ட் மாதிரிப் போடுவது, பக்கத்தில் ஒட்டுவது இரண்டையும் அவர் கையில் கொடுங்கள். எது என்று அவர் சொல்லட்டும். வெளியே கேட்பதற்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலில் இரண்டு தட்டு போதும்.

அவசரத்துக்கு மூடி போட்ட யூரின் கேன் மருந்துக்கடையில் கிடைக்கும். லுங்கி கட்டி, மேலே துண்டு போட்டால் இடது கையால் அவரே பிடித்துக்கொள்வார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். இரண்டு நாள் வீட்டில் பழகட்டும். இருக்கையில் விரிக்க உறிஞ்சும் பேட், மாற்று லுங்கி, ஈரத்துணி, கட்டிப் போட இரண்டு கவர் இருக்கட்டும். ஆட்டோவுக்குப் பதில் மெட்ரோவையும் யோசியுங்கள்: 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பாதை உங்கள் ஊர் வழியாகத்தான் சென்ட்ரல் போகிறது. லிஃப்ட் இருக்கிறது, லாரி நெரிசல் கிடையாது.

கழிப்பறையில் சக்கர நாற்காலியை அவருடைய இடதுபக்கம் கோப்பையை ஒட்டி வரும்படி நிறுத்தி, பிரேக் போட்டு, கால்தாங்கியை மடக்குங்கள். இடது கை கம்பியைப் பிடிக்கட்டும், நீங்கள் இடுப்பைப் பிடியுங்கள். வலது கையை மட்டும் இழுக்கவே கூடாது, தோள் பிசகிவிடும். உட்கார்ந்ததும் மடியில் துண்டைப் போட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள். உட்காரும்போது சாய்கிறவர் என்றால் மட்டும் உள்ளேயே, முதுகைக் காட்டி நில்லுங்கள்.

அடக்க முடியாமல் போவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் வரும் இந்தத் தொல்லை, இரண்டு மணிக்கொருதரம் போகப் பழக்கினாலே பலருக்குக் குறைகிறது. அதை நைனாவே சொல்லட்டும். பேச்சு குழறினாலும் நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.