டாக்டரைப் பார்க்கும்போது மட்டும் தடிப்பு மறைந்துவிடுகிறதே!

கேள்வி: ஒரு மாதமாக உடம்பில் திட்டுத்திட்டாகத் தடிப்பு வருகிறது. தாங்க முடியாத அரிப்பு. ஆனால் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது ஒன்றுமே இருப்பதில்லை. 'அலர்ஜி' என்கிறேன்; 'எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது?' என்று கேட்கிறார். விழிக்கிறேன். எப்படித்தான் சொல்வது?

பதில்: மறைந்துவிடுகிறது என்பதே எனக்குப் பாதி பதில். காணாக்கடியில் ('அர்டிகேரியா' என்ற அரிப்புத் தடிப்பு) ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் அடங்கிவிடும். அதற்குள் வேறு இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பும். நீங்கள் ஒரு மாதமாகப் பார்ப்பது ஒரே தடிப்பாக இருக்காது. அடுத்த முறை வந்ததும் ஒன்றைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் வட்டத்துக்குள் அப்படியே இருந்தாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாக இருந்தாலோ, அடங்கிய இடம் கன்றிப்போனது மாதிரி தெரிந்தாலோ விஷயம் வேறு. முதன்முதலில் வந்த தேதியும் வேண்டும். 6 வாரத்தைத் தாண்டினால் நாட்பட்ட காணாக்கடி என்போம். அதற்குப் பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவும் அகப்படாது.

ஃபோட்டோ எடுங்கள், பகல் வெளிச்சத்தில். பலர் ஒட்டி வைத்து எடுத்த ஒரே படத்தைக் காட்டுவார்கள். கையா காலா என்றே தெரியாது. தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல். போதும். 'சிவந்திருந்ததா?' என்று கேட்டால் கருமையான தோலுள்ளவர்கள் தடுமாற வேண்டாம். அந்தத் தோலில் சிவப்பு கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், சில சமயம் நிறமே மாறாது. விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்: மேடா, மட்டமா, சொரசொரப்பா, நீர் கோத்திருக்கிறதா?

ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா என்று நாங்கள் கேட்பது வம்புக்காக இல்லை. இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் சிரங்கோ என்று விரலிடுக்கைப் பார்ப்போம். ஒரே பக்கமாக, கொப்புளத்துக்கு முன்பே வலி வந்தது என்றால் அக்கி நினைவுக்கு வரும்.

மருந்து விஷயத்தில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். வலி மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாம் பலருக்கு மருந்துக் கணக்கிலேயே சேராது. மருந்தால் வரும் தடிப்பு, அந்த மருந்தைச் சாப்பிடத் தொடங்கி 4 முதல் 14 நாள் கழித்தும் தலைகாட்டலாம். அதற்குள் மாத்திரை தீர்ந்து, மறந்தே போயிருக்கும். நீங்களாகத் தடவிய க்ரீமின் ட்யூபையும் கையோடு கொண்டுவாருங்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால், படர்தாமரையின் வளையத்தையே கலைத்து எங்களையும் ஏமாற்றிவிடும். அப்புறம், கிளம்பும் முன் அரிப்பு மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் நிதானமாகப் போக நேரம் இருக்கும்போது. உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு முட்டினாலும், காய்ச்சலோடு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத புள்ளிகள் வந்தாலும், வாய், கண் புண்ணாகித் தோல் உரிந்தாலும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.