இண்டிபெண்டன்ட் பாப்டிஸ்ட் சபை பெந்தெகொஸ்தேதானா? சேர்வதற்கு ஏன் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள்?

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், பெரம்பூரில் சில மாதங்களாக ஒரு இண்டிபெண்டன்ட் பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறீர்கள், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தும் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் இது பெந்தெகொஸ்தே என்கிறார்கள். இதுதானே கேள்வி?

பெந்தெகொஸ்தே இல்லை. சென்னையில் முழுக்கு ஞானஸ்நானம் என்றாலே பெந்தெகொஸ்தே என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பாப்டிஸ்ட்டுகள் அந்த இயக்கத்துக்குச் சுமார் 300 வருடம் மூத்தவர்கள். 1609-ல் இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்த் தங்கியிருந்த ஜான் ஸ்மித்தின் கூட்டத்தில் தொடங்குகிறது அவர்களுடைய வரலாறு. அவருடன் இருந்த தாமஸ் ஹெல்விஸ் நாடு திரும்பி லண்டனில் ஒரு சபையைத் தொடங்கினார். பலரும் கவனிக்காத ஒன்று: ஸ்மித் கொடுத்தது முழுக்கு அல்ல, தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார். முழுக்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வந்தது 1644 லண்டன் விசுவாச அறிக்கையில். ஆகவே அவர்கள் முதலில் கேட்டது 'எவ்வளவு தண்ணீர்' என்பதை அல்ல, 'யாருக்கு' என்பதைத்தான். தானே மனந்திரும்பி விசுவாசித்தவருக்கு மட்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அப்போஸ்தலர் 2:41-ன் வரிசையைத்தான் அவர்கள் காட்டுவார்கள்: வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள், சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கைக்குழந்தை விசுவாசிக்க முடியாது என்பதால் உங்களுக்கு நடந்ததை அவர்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. அவர்கள் கணக்கில் இது 'மறு' ஞானஸ்நானம் அல்ல, முதலாவது. சி.எஸ்.ஐ. அதை ஒருபோதும் அப்படிப் பார்க்காது, குழந்தை ஞானஸ்நானம் அங்கே முழுமையானது. இரண்டு பக்கமும் மனதாரச் சொல்வதுதான். சமரசம் செய்ய இதில் நடுவழி கிடையாது. முடிவெடுக்கும் முன் உங்கள் ஆயரிடம் நேரில் பேசிவிடுங்கள். அங்கத்தினர் உரிமை, குடும்பக் கல்லறை விஷயமெல்லாம் பின்னால் வந்து நிற்கும்.

நடைமுறை இப்படி இருக்கும். போதகர் தனியாக உட்காரவைத்து உங்கள் இரட்சிப்பின் சாட்சியைக் கேட்பார். பிறகு சபைக்கு முன்னால் அதைச் சொல்லவேண்டும், அங்கத்தினர்கள் ஏற்றுக்கொள்வார்கள். மேடைக்கு அடியில் தொட்டி இருக்கும் சபைகள் உண்டு, இல்லாதவர்கள் கடலுக்கோ வேறு சபையின் தொட்டிக்கோ போவார்கள். இடுப்பளவு தண்ணீர் போதும். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில், ஒரே முறை, பின்பக்கமாகச் சாய்த்து முழுவதும் மூழ்கவைத்து எழுப்புவார்கள். ரோமர் 6 சொல்லும் அடக்கமும் உயிர்த்தெழுதலும் அதில் தெரியவேண்டும். தண்ணீர் இரட்சிக்காது என்பதில் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். அது கீழ்ப்படிதல், அடையாளம், அவ்வளவே. பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு எடுத்து வந்தவரையும் சில சபைகள் மறுபடி எடுக்கச் சொல்லும். கொடுத்த சபைக்கு அதிகாரம் உண்டா என்று பார்ப்பவர்கள் அவர்கள். எல்லா இண்டிபெண்டன்ட் பாப்டிஸ்ட்டும் அப்படி இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

பெந்தெகொஸ்தேயிலிருந்து பிரியும் இடங்கள் தெளிவானவை. அந்நியபாஷையும் தீர்க்கதரிசன வரமும் அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்தன என்பார்கள், 1 கொரிந்தியர் 13-ஐக் காட்டி. உண்மையாய் இரட்சிக்கப்பட்டவர் இரட்சிப்பை இழப்பதில்லை என்று போதிப்பார்கள், யோவான் 10:28 அதற்கு ஆதாரம். இது நல்ல போதனை, ஆனால் கெட்டுப்போகும் இடமும் இதுவே. ஒரு ஜெபத்தைச் சொல்லவைத்து 'இனி பயமில்லை' என்று அனுப்பிவிடும் சபைகளில், மனந்திரும்புதல் என்ற வார்த்தையே காணாமல் போகிறது. பிரசங்கத்தில் அது வருகிறதா என்று நான்கு ஞாயிறு கவனித்தாலே தெரிந்துவிடும்.

'இண்டிபெண்டன்ட்' என்ற அடைமொழி அமெரிக்காவில் வந்தது. 1920-களில் பெரிய பாப்டிஸ்ட் கன்வென்ஷன்களுக்குள் (சபைக் கூட்டமைப்புகளுக்குள்) வேதத்தின் பிழையின்மையைச் சந்தேகிக்கும் போதனை நுழைகிறது என்று சொல்லிச் சபைகள் வெளியே வந்தன. டெக்சாஸின் ஜே. ஃபிராங்க் நாரிஸ் அதில் பெரிய பெயர், கடுமையான பெயரும்கூட. பிரிந்து நிற்பதில் பிடிவாதம், கிறிஸ்து ஆயிரவருட அரசாட்சிக்கு முன் வருவார் என்ற எதிர்பார்ப்பு, பலரிடம் ஆங்கில வேதாகமத்தில் பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு மட்டுமே என்ற உறுதி, எல்லாம் அங்கிருந்து வந்தவை. தமிழில் அவர்கள் பழைய திருப்புதல் என்ற பழைய வேதாகம மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. அப்போஸ்தலர் 8:37 அதில் இருக்கிறது, புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. 'விசுவாசித்தால் தடையில்லை' என்று பிலிப்பு சொல்லும் வசனம் அது, அவர்களுடைய ஞானஸ்நானப் போதனைக்கு நெஞ்சு போன்றது.

யோர்தானிலிருந்து இன்றுவரை அறுபடாத பாப்டிஸ்ட் வரிசை உண்டு என்று யாராவது போதித்தால் அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சான்றுகள் அதைத் தாங்காது.

இனி உங்களுக்கு மிகவும் தேவையானது. சுயாதீன சபைக்கு மேலே பேராயர் இல்லை, அவர் ஆளும் டயோசிஸ் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலான சினாடு மன்றமும் இல்லை. பதவிகள் இரண்டே: போதகர், உதவிக்காரர். கடைசி முடிவு அங்கத்தினர் கூட்டத்தின் வாக்கு. காகிதத்தில் இது அழகு. நம் ஊரில் உடைவது எங்கே என்றால், ஓட்டே நடக்காமல் போதகர் வீடே சபையாக மாறும்போது. மேல்முறையீட்டுக்கு ஆள் இல்லாததால் உள்ளே இருக்கும் சரிபார்ப்புதான் ஒரே காவல். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: இடம் யார் பெயரில்? சங்கமாகப் பதிவானதா, அறக்கட்டளையா, அறங்காவலர்கள் ஒரே குடும்பமா? வருடக் கணக்கு சபையில் வாசிக்கப்படுகிறதா? வெளிநாட்டுச் சபை அனுப்பும் உதவி போதகரின் சொந்தக் கணக்கில் சபை ஊழியத்துக்கென்று வந்தால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) சிக்கல் வரும், பதிவு பெற்று டில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்ற கணக்கு வேண்டும். நேர்மையான போதகர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

திருவிருந்து சில சபைகளில் தன் அங்கத்தினருக்கு மட்டும், சிலவற்றில் முழுக்கு எடுத்த எல்லா விசுவாசிகளுக்கும். எழுந்து போய் வாங்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால் இதையும் பாருங்கள். 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பேராயரால் அபிஷேகம் பெற்ற ஆயருக்குத் தனி உரிமம் தேவையில்லை. சுயாதீன பாப்டிஸ்ட் போதகருக்கு மாநில அரசு தந்த உரிமம் வேண்டும். அது இல்லாமல் நடத்திய கல்யாணத்தின் சான்றிதழ் பாஸ்போர்ட், விசா வேலைக்குப் போகும்போது கையை விரித்துவிடும். அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன்பே உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் உரிமம் உள்ள வேறு போதகரை வைத்து நடத்தலாம், அல்லது திருமணப் பதிவாளர் முன் முடித்துவிட்டுச் சபையில் ஆசீர்வாத ஜெபம் வைத்துக்கொள்ளலாம்.